செட்டிநாட்டில் தனியாகச் சைக்கிள் பயணம்: வண்டித் தொல்லை இல்லாத பாதையைப் பிடிப்பது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், செட்டிநாட்டில் சைக்கிளுக்கென்று போட்ட நெடும்பாதை எதுவும் கிடையாது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ரயில் நின்றுபோன பழைய தடத்தை அப்படியே சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள், கேட்டி டிரெயில் என்று பெயர், சுமார் 385 கிலோமீட்டர். ஐரோப்பாவில் டான்யூப் நதிக்கரையோரம் நாள்கணக்கில் கார் தொல்லை அதிகம் இல்லாமல் போகலாம். அந்த வீடியோக்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் ஒருமுறை காரைக்குடியைச் சுற்றியுள்ள பகுதியைச் சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கே பார்த்தாலும் கண்மாய். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு கரை, பல கரைகளின் மேல் ஆள் போய்ப் போய் விழுந்த ஒரு தடம். அவற்றோடு ஊருக்கு ஊர் போகிற ஒற்றைத் தார்ச்சாலைகளையும் கோத்துக்கொண்டால், நெடுஞ்சாலையைக் குறுக்கே கடப்பதோடு சரி, மற்றபடி மூன்று நான்கு நாளுக்கு லாரி ஹாரன் அதிகம் கேட்காமல் ஓட்டலாம்.

மேப்பில் தடம் பிடிக்க ஒரு சூட்சுமம் உண்டு. இந்தப் பக்கம் நிலம் பொதுவாகக் கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிகிறது, அதனால் கண்மாயின் கரையும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வளைந்து கிடக்கும். எதிர்ப்பக்கம் இருப்பது உள்வாய், கண்மாய்க்குள் தண்ணீர் வந்து சேர்கிற பக்கம். மழைக்காலத்தில் சேறு, கோடையில் முள்காடு, அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். கரைமேல் வெளிறிய கோடு விடாமல் தெரிந்தால் டூவீலர் நடமாட்டம் இருக்கிறது. பச்சை மூடிக் கிடந்தால் சீமைக் கருவேலம் வந்து உட்கார்ந்துவிட்டது, அந்தக் கரையை மறந்துவிடலாம். கூகுள் மேப்பில் கார் வழி போட்டால் நெடுஞ்சாலையில்தான் கொண்டுபோய் விடும், டூவீலர் வழி கொஞ்சம் தேவலை. எதையும் முழுசாக நம்பாமல், ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டு வழியில் ஆளைக் கேட்டுப் போவதுதான் சரி.

கேட்பதிலும் ஆள் பார்த்துக் கேட்க வேண்டும். டீக்கடையில் கேட்டால் பஸ் போகிற ரோட்டைக் காட்டுவார்கள். "எதுக்குத் தம்பி காட்டுக்குள்ள போயிக்கிட்டு, இப்படியே நேரா போங்க" என்பார்கள், நல்லெண்ணம்தான், ஆனால் நமக்கு உதவாது. ஆடு மேய்க்கிறவர், வயலில் மோட்டார் போடப் போகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், இவர்களுக்குத்தான் கரைத்தடம் அத்துப்படி. "சைக்கிள் போகுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். போகும் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள் மனசில் இருப்பது இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற சைக்கிள். "கரைமேல டூவீலர் போகுமாண்ணே? அங்குட்டுத் தார் ரோட்டுல ஏறலாமா?" என்று கேளுங்கள். "போகும், கலுங்குகிட்ட மட்டும் இறங்கிக்கிறணும்" என்று பதில் வந்தால், அந்த வழியில் போய்வந்தவர் சொல்கிற பதில் அது.

கலுங்கு என்பது கண்மாய் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் மறுகால் போகக் கட்டிய கல்கட்டு. காய்ந்து கிடக்கும்போது கடப்பது சுலபம். ஆனால் சில கலுங்கில் குத்துக்கல் வரிசையாக நட்டிருப்பார்கள், பையோடு சைக்கிளை உருட்டினால் நடுவில் மாட்டிக்கொள்ளும். பைகளைக் கழற்றி முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் வெறும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். மறுகால் பாய்கிற நேரத்தில், கணுக்கால் தண்ணீர்தானே என்று இறங்கக் கூடாது. கல்லில் பாசி பிடித்திருக்கும். வழுக்கி விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், தனியாக வந்தவருக்கு அடுத்த ஆள் வரச் சாயங்காலம் ஆகலாம். திரும்பி ரோட்டோடு சுற்றிப் போங்கள், கூடுதலாக நாலைந்து கிலோமீட்டர், அவ்வளவுதான். அதேபோல ரயில் தண்டவாளத்தை ஒட்டிப் போகிற மண்தடமும் பார்க்க ஆசையாக இருக்கும். அது ரயில்வே இடம், அத்துமீறினால் குற்றம், அந்தப் பக்கம் வேண்டாம்.

இனி முள். இந்தச் சீமையில் பயணத்தைக் கெடுப்பது முக்கியமாக இதுதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கருவேல முள் காய்ந்த பிறகும் மழுங்காது. டயரில் நேராக ஏறி, வெளியே இருக்கிற பகுதி முறிந்து விழுந்துவிடும், முனை மட்டும் ரப்பருக்குள் தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூபை ஒட்டிப் போட்டுக் கொஞ்ச தூரம் போனதும் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும், பேட்ச் சரியில்லை என்று பேட்ச்சைத் திட்டிக்கொண்டிருப்போம். டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வால்விலிருந்து அளந்து, டயரில் அதே இடத்தை முதலில் பாருங்கள். பிறகு ஒரு மெல்லிய துணியை டயரின் உள்பக்கம் முழுக்கத் தடவிக்கொண்டே வாருங்கள், முள் முனை இருக்கிற இடத்தில் நூல் மாட்டும். விரலால் தடவினால் விரலில் ஏறும். புருவம் திருத்துகிற சின்ன இடுக்கி ஒன்று பஞ்சர் பெட்டியில் இருக்கட்டும், அந்த முனையைப் பிடித்து இழுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. கரைத்தடத்தில் ஓட்டிவிட்டுத் தார்ரோட்டில் ஏறுகிற ஒவ்வொரு முறையும் இறங்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ஒட்டியிருக்கிற முள்ளைத் தட்டிவிட்டுப் போனால் பாதி பஞ்சர் குறையும்.

டியூப்லெஸ் டயரும், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கிற சீலன்ட் திரவமும் போட்டிருந்தால் நிம்மதி. அதற்குச் செலவழிக்க மனசில்லை என்றால், பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைத்துவிடலாம். எடை கூடும், கொஞ்சம் மந்தமாக ஓடும், ஆனால் முள்ளுக்குத் தாங்கும். டயர் அகலம் 35 முதல் 42 மில்லிமீட்டர் வரை இருந்தால் செம்மண்ணுக்கும் தாருக்கும் ஒத்துவரும். ஒல்லி டயர் ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்து கண்மாய்க் கரையில் ஏற்றாதீர்கள், ரிம் அடி வாங்கும். கியர் கட்டாயமில்லை, நிலம் சமதளம்தான், நல்ல நிலையில் இருக்கிற சாதாரணக் கேரியர் வைத்த சைக்கிளே போதும் என்பது என் கட்சி. அதற்கு ஒரு கூடுதல் லாபமும் உண்டு. ஊர்ப்பக்கத்துச் சைக்கிள் கடையில் அதற்கான போக்ஸ் கம்பியும் செயினும் கிடைக்கும். உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. இரண்டு டியூப், பேட்ச், சொல்யூஷன், கைப்பம்பு, ஆலன் கீ, செயின் எண்ணெய், பின்னால் மினுக்கும் சிவப்பு லைட். துணிமணியோடு மொத்தச் சுமை 10 கிலோவைத் தாண்ட வேண்டாம், கலுங்கில் தூக்கப்போவது நீங்கள்தான்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாயில் தண்ணீர் நிற்கும், கரைத்தடம் காய்ந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் மண் இளகி மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும், சக்கரமே சுற்றாது. சித்திரை வெயிலில் இதைச் செய்ய நினைக்காதீர்கள். தை மாதத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும், அன்று அந்தப் பக்கச் சாலைகளில் கால் வைக்க இடமிருக்காது. தைப்பூசத்துக்கு முன்னால் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின் காவடிகள் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும். சாலையோரம் முழுக்க ஆட்கள், ஆனால் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை.

எப்போது வந்தாலும் விடிந்தும் விடியாமலும் கிளம்பி, பதினொரு மணிக்குள் பெரும்பாதித் தூரத்தை முடித்துவிடுங்கள். மதியம் மூன்று மணிவரை நிழல். கரையில் பல இடத்தில் அய்யனார் கோயிலும் சுற்றிப் பெரிய மரங்களும் இருக்கும், அதைவிட நல்ல ஓய்விடம் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிடுங்கள், கோயில்காட்டில் ஒரு குச்சியைக்கூட ஒடிக்காதீர்கள். சில ஊர்களில் அது பெரிய சண்டையாகிவிடும்.

தண்ணீர் மூன்று லிட்டராவது சைக்கிளில் இருக்க வேண்டும். காரைக்குடியில் கிளம்பும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள், அந்த ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசிக்குத் தனிப் பேர் உண்டு. ஊர்களில் ஊரணியைப் பார்த்ததும் முகம் கழுவ ஓடாதீர்கள். குடிக்கிற ஊரணி வேறு, குளிக்கிற ஊரணி வேறு. குடிநீர் ஊரணியில் செருப்போடு படி இறங்கினாலே சத்தம் போடுவார்கள், சைக்கிளைக் கழுவினால் கேட்கவே வேண்டாம். யாராவது ஆச்சியிடம் கேட்டால் எது எது என்று சொல்லிவிடுவார், அநேகமாக ஒரு சொம்பு தண்ணீரும் வரும்.

பாதை அமைக்க எனக்குப் பிடித்த வழி, நகரத்தாரின் ஒன்பது கோயில்களை ஆணியாக அடித்துக்கொண்டு நடுவில் நூல் கட்டுவது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. காரில் வருகிறவர்கள் ஒரே நாளில் சுற்றி முடித்துவிடுகிறார்கள், சைக்கிளில் மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான கோயில்கள் சின்ன ஊர்களில்தான் இருக்கின்றன. பக்கத்தில் நீர்நிலை, தங்க நிழல், கிராமச் சாலை இணைப்பு எல்லாம் உண்டு. மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

முதல் நாள் காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான். கோட்டையூர் வரை வண்டிகள் இருக்கும், இருட்டு விலகுவதற்குள் தாண்டிவிடுங்கள். கானாடுகாத்தானில் முன்தெருவைவிடப் பின்தெருதான் ஓட்ட நல்லது. ஒரு வீடே இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால், பின்பக்கம் முழுக்க நீளமான சுவர்தான், ஆளே இருக்காது. அங்கிருந்து கிராமச் சாலைகளில் ஆத்தங்குடி. கண்ணாடித் தட்டில் அச்சு வைத்துச் சாயம் ஊற்றி ஒவ்வொரு தரைக்கல்லாகக் கையால் வார்ப்பதை அரை மணி நேரம் பார்க்கலாம். வாங்கிவிடாதீர்கள், சுமக்க முடியாது. அப்புறம் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி. இரண்டாம் நாள் வைரவன்பட்டி வழியாகத் திருப்பத்தூர்ப் பக்கம். பறவை பார்க்கிறவராக இருந்தால் வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். 1977 முதல் சரணாலயம், கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களும் சேர்த்தி. பறவை மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, நீங்களும் பெல் அடிக்காமல் தள்ளிக்கொண்டு போங்கள். மூன்றாம் நாள் திருமயத்துக்கு நேர்சாலை பிடிக்காமல் இரணியூர், இளையாத்தங்குடி என்று உள்ளே உள்ளே போங்கள். மற்ற கோயில்களைக் காரைக்குடிக்குத் திரும்பும்போது சேர்த்துக்கொள்ளலாம். இன்னும் கால் வலிக்கவில்லை என்றால் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக் கடற்கரை வரை இழுக்கலாம், தேவகோட்டையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கடல் நெருங்க நெருங்க எதிர்க்காற்று கூடும்.

இரவில் கரையில் கூடாரம் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாம்பு ஒரு காரணம், ஊர்க்காரர்களின் சந்தேகம் இன்னொரு காரணம். காரைக்குடியிலும் திருப்பத்தூரிலும் சாதாரண லாட்ஜ்கள் உண்டு, பிள்ளையார்பட்டியிலும் தங்க இடம் கிடைக்கும். கானாடுகாத்தான் பங்களா ஓட்டல்கள் பார்க்க அழகு, பர்ஸுக்கு ஆகாது. ஆறு மணிக்குள் சைக்கிளை உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள்.

நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டு நின்றுவிடும். ஒவ்வொரு ஊரிலும் "எந்த ஊரு, ஒத்தையிலயா வந்தீய?" என்று கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள், யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. பெண்கள் தனியாக வந்தால் கேள்வி இரட்டிப்பாகும். அடுத்த ஊரில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள், பொய்யானாலும் பாதகமில்லை. வீட்டில் ஒருவருக்கு லைவ் லொகேஷன் போய்க்கொண்டே இருக்கட்டும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் வசதி. காரைக்குடியோடு அது முடிவதால், நடுவழி ஸ்டேஷனில் இரண்டு நிமிடத்துக்குள் சைக்கிளை இறக்குகிற அவதி கிடையாது. டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்து பிரேக் வேனில் ஏற்றிவிடுங்கள். பெடலைக் கழற்றிக்கொண்டு, ஹேண்டில்பாரையும், கியர் சைக்கிள் என்றால் பின்சக்கரத்தில் செயினை மாற்றுகிற டீரெய்லரையும் அட்டை சுற்றிக் கட்டி, பேரும் ஸ்டேஷனும் எழுதிய சீட்டை இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். திரும்பும்போது அந்த ரயில் விடிகாலையிலேயே கிளம்பிவிடும், ஆகவே முந்தின நாள் மாலையே பார்சல் ஆபீஸில் கேட்டு ஏற்பாடு செய்துகொண்டு, அப்புறம் சாப்பிடப் போங்கள்.