கேம்பர் வேனில் ஆறு பேர் தூங்கும்போது

ஜூலைக் குளிரில் நியூசிலாந்தின் டெகாபோ ஏரிப் பக்கம், படுக்கை வசதியுள்ள கேம்பர் வேனில் ஆறு பேர் தூங்கினோம். ஜன்னல்களை இறுக மூடியிருந்தோம். விடிந்து பார்த்தால் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிகிறது. சின்னவள் படுத்த மெத்தையின் அடிப்பக்கம் சொதசொதவென்று ஈரம். எல்லாம் எங்கள் மூச்சுதான்! ஓர் ஆள் ராத்திரி முழுக்க மூச்சிலும் வியர்வையிலும் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீரை வெளியே விடுகிறார்.

அதனால் எவ்வளவு குளிர்ந்தாலும் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். காலையில் பல் தேய்க்கும் முன்பே கண்ணாடியைத் துடைத்து, மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்து வைத்துவிடுங்கள். அப்புறம், கதகதப்புக்காக கேஸ் அடுப்பை மட்டும் எரியவிடவே வேண்டாம். அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வேனுக்குள் சேரலாம். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.