‘யாருக்குமே தெரியாத ஆல்பம்’ என்று ஆரம்பிக்காதீர்கள்

பவர் பாப் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கிட்டார் ராக் மாதிரி அதிரும், மெட்டு பாப் மாதிரி ஒட்டிக்கொள்ளும், பாட்டு பெரும்பாலும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், அப்புறம் நாள் முழுக்க கோரஸை முணுமுணுத்துக்கொண்டே இருப்பீர்கள். இவ்வளவு சுலபமாகக் காதில் ஏறும் இசையை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தும்போது நாம் ஏன் இப்படிச் சொதப்புகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

பெரும்பாலானோர் எடுத்த எடுப்பிலேயே ‘இதை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்’ என்கிறார்கள். கேட்கிறவருக்கு அது ஒரு பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது. பிக் ஸ்டார் என்ற அமெரிக்க பேண்டின் ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ 1972இல் வந்தபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஆனால் விநியோகக் குளறுபடியால் இசைத்தட்டுகள் கடைகளுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்த ஆல்பம் ஏன் கவனிக்கப்படாமல் போனது என்பதற்கு இது விளக்கம், அவ்வளவுதான். ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு அதிலுள்ள ‘தர்ட்டீன்’ பாட்டைச் சொல்லுங்கள். டிரம்ஸ் கிடையாது, அக்கூஸ்டிக் கிட்டாரும் மென்மையான குரல்களும் மட்டும். பதின்மூன்று வயதின் தயக்கமும் ஆசையும் இரண்டரை நிமிடத்தில் வந்துவிடுகின்றன. இதைக் கேட்ட யாரும் ‘எத்தனை காப்பி விற்றது?’ என்று என்னிடம் கேட்டதில்லை.

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். கிட்டாரும் கோரஸும் வேண்டும் என்று கேட்ட நண்பனுக்கு, எனக்கு உயிராக இருந்த அதே பேண்டின் ‘தேர்ட்’ ஆல்பத்தைக் கொடுத்தேன். 1974இல் பதிவாகி 1978இல்தான் வெளிவந்த ஆல்பம் அது. மெதுவானது, உடைந்துபோன மனதோடு பாடுவது போல இருக்கும், முந்தைய இரண்டையும் தெரிந்தவருக்குத்தான் அதன் வலி புரியும். மூன்றாவது பாட்டில் நிறுத்திவிட்டான், பிக் ஸ்டார் பக்கமே திரும்பவில்லை. கேம் தியரி என்ற பேண்டிலும் இதே கதைதான். ரசிகர்கள் ‘லோலிடா நேஷன்’ என்று குதிப்பார்கள், ஆனால் அந்த 1987ஆம் ஆண்டு இரட்டை ஆல்பத்தில் நல்ல பாட்டுகளுக்கு நடுவே சில விநாடி ஒலித்துண்டுகள் எல்லாம் வந்து விழும், புதியவர் திணறிப்போவார். அதற்கு முந்தைய ஆண்டின் ‘தி பிக் ஷாட் குரோனிகிள்ஸ்’ஸில் ஆரம்பித்தால் பாடகர் ஸ்காட் மில்லரின் மெட்டு பிடிபட்டுவிடும், பிறகு அவர்களாகவே அடுத்ததைத் தேடிப் போவார்கள்.

சாவுக் கதையை முன்னால் வைப்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும். தி எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ் என்ற பேண்ட், அமெரிக்காவின் போர்ட்லண்ட் பையன்கள். அவர்களின் ஆல்பம் ‘கிட்டார் ரொமான்டிக்’ 2003இல் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில் வேன் விபத்துக்குள்ளாகி நால்வரில் மூவர் இறந்துபோனார்கள். இதை முதலில் சொல்லிவிட்டால் கேட்பவர் ஒவ்வொரு வரியிலும் மரணத்தைத் தேடுவார். அந்த ஆல்பமோ அரை மணி நேரத்துக்குள் முடியும் துள்ளல், காதலில் அடிபட்ட இளைஞர்களின் கூச்சல். முதலில் ஆடட்டும். கதையை அப்புறம் சொல்லலாம்.

ஒலித்தரத்தைப் பற்றி எச்சரிக்காமல் விடுவதும் தவறு. கைடட் பை வாய்சஸ் பேண்டின் ‘பீ தவுசண்ட்’ (1994) நாலு ஒலித்தடம் மட்டுமே பதியும் டேப் ரெக்கார்டர் மாதிரியான எளிய கருவிகளில் வீட்டிலேயே பதிவானது. முதல் பாட்டிலேயே நடுவில் கிட்டார் திடீரென்று காணாமல் போய்த் திரும்ப வரும். பதிவில் நேர்ந்த கோளாறு, அப்படியே விட்டுவிட்டார்கள். முன்கூட்டியே சொல்லாவிட்டால் கேட்பவர் ஹெட்போன் வயரை ஆட்டிப் பார்ப்பார். சொல்லிவிட்டால் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார், அது வரும்போது சிரிப்பார். இருபது பாட்டு, நாற்பது நிமிடம்கூட ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பலருக்கு அதுவே தைரியம் கொடுக்கும்.

முப்பது ஆல்பங்களின் பட்டியலை அனுப்பாதீர்கள், யாரும் திறக்க மாட்டார்கள். ஒன்று போதும். டீனேஜ் ஃபேன்கிளப் என்ற பேண்டின் ‘பேண்ட்வேகனெஸ்க்’ ஆல்பம் அமெரிக்காவில் பெரிய நிறுவனம் மூலம் வந்ததால் அது பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீன இசையா என்ற வாதமும் அறிமுக நேரத்தில் வேண்டாம்.

‘பீட்டில்ஸ் மாதிரி இருக்கும்’ என்ற வாக்கியத்தையும் விட்டுவிடலாம், எந்த ஆல்பமும் அந்த ஒப்பீட்டைத் தாங்காது. ஏற்கெனவே தெரிந்த ஒரு பாட்டிலிருந்து பாலம் போடுவது எவ்வளவோ மேல். பிளாண்டி பேண்டின் ‘ஹேங்கிங் ஆன் த டெலிஃபோன்’ பலருக்குத் தெரியும், 1978. அதை முதலில் பாடியது தி நெர்வ்ஸ் என்ற மூவர் குழு, 1976இல், நாலே பாட்டு கொண்ட சின்ன இசைத்தட்டில். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். பிளாண்டியில் முதலில் டெலிஃபோன் மணி அடிக்கும். நெர்வ்ஸிலோ மணியும் இல்லை, முன்னிசையும் இல்லை, எடுத்த எடுப்பில் குரல்தான், ஏற்கெனவே வெகுநேரம் லைனில் காத்திருந்தவனைப் போல. மிச்ச மூன்று பாட்டும் எங்கே கிடைக்கும் என்று அவர்களே கேட்பார்கள்.