ஆதித் திருச்சபை வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபை மலர்களுக்கும் வேதபாட வகுப்புகளுக்கும் இளைஞர்கள் எழுதும் கட்டுரைகள் திருத்தத்துக்காக என்னிடம் வரும். எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். வசன எண், பெயர் எழுத்துப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம்.

சுவிசேஷங்களை நிசேயாவில் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதுவது

இதைப் படிக்கும்போதெல்லாம் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கி.பி. 325-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயா நகரில் பிஷப்புகளின் சங்கத்தைக் கூட்டி, குவிந்து கிடந்த சுவிசேஷங்களில் நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கச் சொன்னாராம். அந்தச் சங்கம் பேசியதோ வேறு: குமாரனாகிய இயேசுவைப் படைக்கப்பட்டவர் என்ற அலெக்சாந்திரியா குரு ஆரியுஸின் போதனை, ஈஸ்டர் கொண்டாட வேண்டிய நாள், சபை ஒழுங்கு. அது இயற்றிய 20 விதிகளும் இன்று கிடைக்கின்றன. வேதாகமத்தில் எந்தெந்த நூல்கள் சேரும் என்பது பற்றி அவற்றில் ஒரு வரிகூட இல்லை.

சங்கம் கூடுவதற்கு ஏறத்தாழ 145 ஆண்டுகளுக்கு முன்பே லியோன் நகர பிஷப் இரேனேயுஸ், சுவிசேஷங்கள் நான்குதான், கூடவும் முடியாது குறையவும் முடியாது என்று வாதாடி எழுதிவிட்டார். சங்கம் கலைந்த பிறகும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 4-ஆம் நூற்றாண்டின் சினாய் வேதாகமக் கையெழுத்துப் பிரதியில், இன்று வேதாகமத்தில் இல்லாத பர்னபாவின் நிருபமும் ஹெர்மாஸின் மேய்ப்பனும் சேர்ந்தே இருக்கின்றன. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள 27 நூல்களும் கூடுதல் குறைவின்றி இடம்பெறும் பட்டியலை முதலில் பார்ப்பது, 367-இல் அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ் எழுதிய ஈஸ்டர் கடிதத்தில்தான்.

பிறகு இந்தக் கதை எப்படி வந்தது? நூல்களைப் பலிபீடத்தருகே வைத்து ஜெபித்தபோது போலிகள் கீழே விழுந்துவிட்டன என்று, சங்கம் நடந்து ஐந்து நூற்றாண்டுக்குப் பின் கிரேக்க மொழியில் ஒருவர் எழுதி வைத்தார். கான்ஸ்டன்டைன் தன் புதிய தலைநகரத்துச் சபைகளுக்காக 50 வேதாகமப் பிரதிகள் எழுதித் தரும்படி செசரியா பிஷப் யூசேபியுஸைக் கேட்டது உண்மை. ஆனால் பிரதி எடுக்கச் சொல்வது வேறு, நூல்களைத் தேர்ந்தெடுப்பது வேறு.

ஒரு சபை மலரில் இளைஞர் ஒருவர் அந்தியோகியா சபையைப் பற்றி அருமையாக எழுதியிருந்தார். அச்சுக்குப் போகும் முன் யாரும் சரிபார்க்கவில்லை. முடிவுரையில் நிசேயாக் கதை இருந்தது. வெளியீட்டு நாளன்றே ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, அப்போ இரேனேயுஸ் எந்த நாலைச் சொன்னார்?" என்று கேட்டார். பையனிடம் பதில் இல்லை. அந்தியோகியாவைப் பற்றி அவர் தேடிச் சேர்த்த எதையும் அதற்குப் பிறகு அங்கே யாரும் நம்பவில்லை. அந்த உழைப்பு வீணானதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அரச மதம்

313-இல் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்குத் தந்தது அனுமதி மட்டுமே. அரச மதமாக்கியது 380-இல், பேரரசர் தியோடோசியஸ்.

நூல் வரிசையே எழுதிய வரிசை என்று நினைப்பது

மத்தேயு முதலில் அச்சாகியிருப்பதால் முதலில் எழுதப்பட்டதாகிவிடாது. பவுலின் நிருபங்கள்தான் மூத்தவை; முதல் தெசலோனிக்கேயர் சுமார் 50-ஐச் சேர்ந்தது. மாற்கு சுமார் 70 என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. பவுல் கொரிந்துவில் சபை நிறுவியபோது அவர் கையில் நான்கு சுவிசேஷங்களும் இருந்ததாக எழுதாதீர்கள்.

தோமாவின் பெயரில் இரண்டு நூல்கள்

எகிப்தின் நாக் ஹம்மாதியில் 1945-இல் முழுமையாகக் கிடைத்த தோமா சுவிசேஷம், இயேசுவின் 114 வாக்குகளின் தொகுப்பு. பயணக் கதை அதில் கிடையாது. தோமா இந்தியாவுக்கு வந்து குந்தபோர் மன்னனைச் சந்தித்ததாகச் சொல்வது 3-ஆம் நூற்றாண்டின் தோமாவின் நடபடிகள். அதிலும் மயிலாப்பூரின் பெயர் வருவதில்லை. மயிலாப்பூர் மரபை எழுதுங்கள், மரபு என்றே எழுதுங்கள்.

ரோமை மட்டும் பார்ப்பது

இன்றைய துருக்கியில் உள்ள எதேசாவில் சிரியாக் மொழி பேசிய சபை வேரூன்றியிருந்தது. யூப்ரடீஸ் கரையில் துரா யூரோபோஸில் ஒரு வீட்டையே சுமார் 240-இல் ஆலயமாக மாற்றியிருக்கிறார்கள். ஞானஸ்நான அறையின் சுவரோவியங்களும் அங்கே கிடைத்தன. எருசலேமிலிருந்து ரோமுக்குக் கோடு இழுக்கும்போது, கிழக்கே எதேசாவுக்கும் ஒன்று இழுத்துவிடுங்கள்.