படுக்கைப் புண்ணில் சிவப்பை மட்டும் தேடாதீர்கள்

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பாட்டி, நான்காம் நாள் மாலை என்னிடம் "பின்னாடி எரியுதும்மா" என்றார். முந்தைய ஷிப்டிலும் இதையேதான் சொல்லியிருக்கிறார். இங்கே சிங்கப்பூரில், அந்த ஷிப்டில் இருந்த தாதிகளுக்குத் தமிழ் தெரியாது. திருப்பிப் பார்த்தேன், சிவப்பு எதுவும் இல்லை. ஆனால் வால் எலும்பின் மேல் கை வைத்தபோது அந்த இடம் மட்டும் சூடாகவும் கொஞ்சம் கெட்டியாகவும் இருந்தது. டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் லேசான ஊதா.

படுக்கைப் புண்ணின் முதல் நிலை என்றால் விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது சிவப்பாகத் தெரியவே தெரியாமல் போகலாம். ஊதாவாகவோ சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பாகவோ தெரியலாம். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் கையையும் நம்புங்கள். சூடு, குளிர்ச்சி, கெட்டித்தனம், தொட்டால் வலி ஆகிய நான்கையும் பக்கத்துத் தோலோடு ஒப்பிட வேண்டும். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, பின்னந்தலை என எலும்பு துருத்தும் எல்லா இடத்திலும்.

இப்படி ஓர் இடம் கண்ணில் பட்டதும் வீட்டார் முதலில் செய்வது, கோடாலித் தைலமோ எண்ணெயோ போட்டுத் தேய்ப்பது. பாசத்தில் செய்வதுதான், ஆனால் கெடுதல். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கி, இரத்தம் போகாமல் உள்ளே சதை ஏற்கெனவே நொந்திருக்கிறது. தேய்த்தால் அது இன்னும் சிதையும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையமும் வேண்டாம். அழுத்தம் ஓட்டையைச் சுற்றி விழுந்து, அங்கே இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

காற்று மெத்தை வாங்கியாச்சு, இனித் திருப்ப வேண்டாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. மெத்தை உதவும், அவ்வளவுதான். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தொடங்கி, ஆளின் நிலையைப் பார்த்து மாற்றுவோம். நேர் பக்கவாட்டில் படுக்க வைத்தால் முழு எடையும் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள், குதிகால் மெத்தையில் படாமல் இருக்கும். டிவி பார்க்கத் தலைமாட்டை உயர்த்திவிட்டு, ஆள் சறுக்கியதும் அக்குளைப் பிடித்து மேலே இழுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடும். விரிப்போடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்குங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் கட்டுவதும், பவுடரைக் கொட்டுவதும் தோலை ஊறவைக்கும். ஒரு டயப்பர், உடனுக்குடன் சுத்தம், பிறகு தோலில் ஈரம் ஏறாமல் தடுக்கும் கிரீம்.

சரி, புண் வாய் திறந்துவிட்டால்? "காற்றுப் படட்டும், காயட்டும்" என்பார்கள். ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962-இல் பன்றித் தோலில் செய்த ஆய்விலேயே, மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகப் படர்ந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம், அது புதிதாக வளரும் சதையையும் அரிக்கும். கழுவ உப்புக்கரைசல் போதும். ஒரு விதிவிலக்கு உண்டு. குதிகாலில் காய்ந்து கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் பொருக்கை ஊறவைக்கவோ பிய்க்கவோ கூடாது. நீரிழிவு உள்ளவர் என்றால் கட்டாயம் தாதியிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள்.

சாப்பாட்டில் இரண்டு கட்சி. மீன், முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் போடுகிறவர்கள் ஒரு பக்கம். புண் ஆறும் என்று தேக்கா சந்தையில் விரால் மீன் தேடி சூப் வைக்கிறவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி, ஆனால் சூப்பை மட்டும் குடித்துவிட்டு மீனைத் தட்டில் ஒதுக்கக் கூடாது. புரதம் மீனில்தான் இருக்கிறது. புண் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 50 கிலோ பாட்டிக்கு 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் உணவியலாளரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பாதீர்கள். திருப்பும் முறையைப் பணிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாதியிடம் ஒருமுறை செய்து காட்டுங்கள். கட்டு மாற்றப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) இருக்கிறது, நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுத் தாதிமைச் சேவையும் உண்டு. நாற்றம், காய்ச்சல், திடீர்க் குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள்.

பாட்டியை அன்று பக்கவாட்டில் சாய்த்துவிட்டு, கட்டிலுக்கு மேலிருந்த வெள்ளைப் பலகையில் "எரியுது", "வலிக்குது" என்ற இரண்டு சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினேன், பக்கத்தில் பொருளோடு. மறுநாள் காலை, மியன்மாரிலிருந்து வந்த தாதி ஒருவர் பாட்டியின் முதுகில் கை வைத்து "எரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.