லிக்னின் பசைப் பலகை: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்போர்டுக்குப் பலகை வாங்கும்போது பலர் செய்யும் முதல் தவறு, "லிக்னின் பசை" என்று கேட்டதுமே, பலகைப் பசையிலிருந்து கசிந்து கண்ணை எரிக்கும் வாயுவான ஃபார்மால்டிஹைடு கிடையாது என்று முடிவு கட்டுவது. மரத்தில் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பொருள்தான் லிக்னின். காகித ஆலையில் கூழ் காய்ச்சும்போது கறுப்புத் திரவத்தில் கரைந்து வரும். பெரும்பாலும் கொதிகலனில் எரிபொருளாகப் போய்விடும். அதை எடுத்துப் பசையாக்குவது நல்ல யோசனைதான். ஆனால் பல லிக்னின் பசைகள், பீனால்-ஃபார்மால்டிஹைடு பிசினில் பீனாலின் ஒரு பங்கை மட்டும் மாற்றியவை. ஃபார்மால்டிஹைடு அப்படியே இருக்கும். "இதை இறுக வைப்பது எது?" என்று கேளுங்கள். கிளையாக்சல், ஐசோசயனேட் என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

பலகை விடும் ஃபார்மால்டிஹைடு அளவுக்கான ஐரோப்பிய இ1 முத்திரையும் "அறவே இல்லை" என்று சொல்வதில்லை. சோதனை அறையில் கன மீட்டர் காற்றுக்கு 0.124 மில்லிகிராம் வரை அது அனுமதிக்கிறது. சொல்லப்போனால் பச்சை மரமே துளியளவு விடும்.

வாடை இல்லையே என்று கடையில் மோந்து பார்த்து வாங்குவதும் சரியில்லை. எம்ஆர் (ஓரளவு ஈரம் தாங்கும்) ரகப் பிளைவுட்டில் வழக்கமாக இருக்கும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை, வெப்பமும் ஈரமும் பட்டால் மெல்ல மெல்லச் சிதைந்து அந்த வாயுவை விடும். மதுரையில் நடப்பது என்ன? முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரை ஆசாரி வேலை; பால் காய்ச்சியதும் வீட்டைப் பூட்டிவிட்டு, கத்திரி வெயிலில் குடிபோகிறோம். கப்போர்டைத் திறந்தால் கண் எரிகிறது. முன்பக்கம் சன்மைக்கா ஒட்டிவிட்டு, ரம்பம் போட்ட ஓரங்களையும் சுவரோரப் பின்பக்கத்தையும் வெறுமனே விட்டால் வாயுவுக்கு அதுவே வழி. எல்லாப் பக்கமும் மூடச் சொல்லுங்கள். சில வாரமாவது ஜன்னலைத் திறந்து போடுங்கள். 2004-லேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது.

லிக்னின் பலகை கைக்கு எட்டவில்லையா? பீனாலிக் (பீனால்-ஃபார்மால்டிஹைடு) பிசின் போட்ட, கொதிநீர் தாங்கும் பிடபிள்யூஆர் ரகம் வாங்கலாம். பெயரில் ஃபார்மால்டிஹைடு இருந்தாலும் எம்ஆரைவிட மிகக் குறைவாகவே விடும் என்பதால், என் ஓட்டு அதற்குத்தான்.

தயாரிப்பவர்களுக்கும் ஒன்று: லிக்னின் மெதுவாகத்தான் வினைபுரியும். பழைய பிசினுக்கு வைத்த அதே சூட்டிலும் நேரத்திலும் பிரஸ்ஸிலிருந்து எடுத்தால் அடுக்கு பிரிந்துவிடும். நிறமும் கருப்பு, மெல்லிய வெள்ளை வெனீரில் கறை தெரியும்.

அப்புறம், வெந்நீரில் கொதிக்க வைத்த துண்டைக் கடையில் காட்டுவார்கள். அது ஒட்டின் பலத்துக்குத்தான் சாட்சி. வாயு அளவுக்குச் சோதனை அறை அறிக்கையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், அதுவும் நீங்கள் வாங்கும் அதே ரகத்துக்கு.