எல்லை 5, திரையில் 100: தொடர்வரிசைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி இயற்கணித மென்பொருளில் (எண்களோடு குறியீடுகளையும் கையாளும் கணித மென்பொருளில்) தொடர்வரிசையின் எல்லையைக் காணப் பழகும் மாணவர்கள், நாங்கள் தொடக்கத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறார்கள். அடைப்புக்குறி விட்டுப்போவது, பெருக்கல் குறியை மறப்பது போன்றவற்றைப் பெரும்பாலும் மென்பொருளே சுட்டிக்காட்டிவிடும்; அவற்றை இங்கே பேசப்போவதில்லை. பிழைச்செய்தியே இல்லாமல் தவறான விடை தருபவைதாம் ஆபத்தானவை.

தசமப் புள்ளியை உள்ளே விடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் ழான்-மிஷேல் முல்லெரின் பெயரில் வழங்கும் தொடர்வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு உறுப்புகள் 4, 17/4. அடுத்ததைப் பெற, 1500-ஐக் கடைசிக்கு முந்தைய உறுப்பால் வகுத்து, ஈவை 815-இலிருந்து கழியுங்கள். மிச்சத்தைக் கடைசி உறுப்பால் வகுத்து, அதை 108-இலிருந்து கழியுங்கள். எல்லை 5.

ஒரு மாணவி இதன் எல்லை 100 என்று எழுதி, வரைபடமும் இணைத்து, அதன் மேல் ஒரு திட்டப்பணி அறிக்கையையே கட்டியிருந்தார். 4-ஐச் சுழியாவது உறுப்பாக எண்ணினால், அவர் திரையில் 10-ஆவது வரை எல்லாம் ஒழுங்கு: 4.99. 13-ஆவது 4.43. 14-ஆவது −7.8. 15-ஆவது 168.9. 19-ஆவது 100.0002. இன்னும் சில படிகளில் 100; பிறகு அந்த எண் அசையவே இல்லை. அசையாத எண்ணைப் பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றும்.

காரணம் 17/4. பைத்தான் நிரல்மொழியின் இயற்கணிதத் தொகுப்பான சிம்பையில் எழுதினாலும், அந்த வகுத்தலைப் பைத்தான் முதலில் தானே செய்து 4.25 என்ற தசம எண்ணாக்கிவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு படியும் தோராயம்தான். இந்தத் தொடர்வரிசையின் பொதுத்தீர்வில் 3, 5, 100 ஆகியவற்றின் அடுக்குகள் உண்டு. நம் தொடக்க மதிப்புகளுக்கு 100-இன் கெழு சரியாகச் சுழி. தோராயம் அதைத் துளியளவு சுழியிலிருந்து நகர்த்துகிறது. அந்தத் துளி, 5-இன் அடுக்கோடு ஒப்பிட, படிக்குப் படி 20 மடங்காகிறது. பதினாறு இலக்கத் துல்லியம் பதின்மூன்று படிகளில் கரைந்துவிடும். ஐம்பது இலக்கம் கேட்டால் சுமார் நாற்பது படி தாங்கும். பிறகு அதே 100.

ஆகவே துல்லியத்தைக் கூட்டாதீர்கள். 17-ஐயும் 4-ஐயும் ரேஷனல் கட்டளைக்குள் தனித்தனியாகக் கொடுத்து, விகிதமுறு எண்ணாகவே வைத்திருங்கள். உறுப்பை இன்னொரு தொடர்வரிசையின் அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளின் விகிதமாக எழுதினால் நேரியல் தொடர்பு கிடைக்கும். உறுப்பு எண்ணை இட்டால் நேராக உறுப்பைத் தரும் மூடிய வடிவமும் வரும். எல்லையை அந்த வடிவத்திலிருந்து எடுங்கள்.

நிலைப்புள்ளிச் சமன்பாட்டோடு நிறுத்துவது

அடுத்தடுத்த உறுப்புகள் எல்லாம் ஒரே எண் என்று வைத்து எழுதுவதே நிலைப்புள்ளிச் சமன்பாடு. முல்லெரின் தொடர்வரிசையில் 3, 5, 100 மூன்றுமே அதன் தீர்வுகள். எது எல்லை என்று சமன்பாடு சொல்லாது.

உறுப்பு எண் முழு எண் என்று சொல்லாமல் விடுவது

π-இன் முழு மடங்குகளுக்கு சைன் எப்போதும் சுழி. அந்த மதிப்புகளாலான தொடர்வரிசையின் எல்லையும் சுழி. ஆனால் மாறியை மெய்யெண்ணாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள், −1-க்கும் 1-க்கும் இடையே அலைகிறது என்று சொல்லும். அதைப் பார்த்து ‘எல்லை இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். சார்புக்கு எல்லை இருந்தால் தொடர்வரிசைக்கும் அதே எல்லை உண்டு. சார்புக்கு இல்லை என்பதால் தொடர்வரிசைக்கும் இல்லை என்றாகாது. சிம்பையில் மாறியை முழு எண்ணாக அறிவியுங்கள். மேத்தமேட்டிகா மென்பொருளில் இதற்கென்றே 2017 முதல் டிஸ்கிரீட்லிமிட் கட்டளை இருக்கிறது.

வரைபடத்தை நம்புவது

வரைபடத்தில் நின்றுவிட்டதுபோல் தெரிவது நிற்காமல் வளரலாம். இசைத் தொடரின் (1 + 1/2 + 1/3 + …) கூட்டுத்தொகை 1,00,00,000 உறுப்புகளுக்குப் பிறகும் 17-ஐத் தொடாது. எல்லையோ முடிவிலி.