பெரிய கப்பலில் ஏறிய அன்றே எதையெல்லாம் பார்ப்பது?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் சுற்றுலாக் கப்பலுக்கு டிக்கெட் போட்டுத் தந்ததும், பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்து அம்மா அப்பாக்கள் கப்பலில் வேலை பார்த்த என்னிடம் வழி கேட்பார்கள். 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற சுற்றுலாக் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 தளங்கள், 7 நீச்சல் குளங்கள்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். ஆபத்து வந்தால் நீங்கள் போய்ச் சேரவேண்டிய கூடுமிடம் எது என்று அறை அட்டையில் இருக்கும். அப்புறம் லிப்டில் உச்சிக்குப் போய், படிகளில் இறங்கிக்கொண்டே பாருங்கள். எல்லாரும் பஃபேயில் முண்டியடிக்கும் மதிய நேரத்தில் குளங்களும் நீர்ச்சறுக்குகளும் காலியாகக் கிடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கப்பலுக்குள்ளேயே இருக்கும் சென்ட்ரல் பார்க் என்ற பூங்கா. நிஜச் செடிகள், தலைக்கு மேலே திறந்த வானம். முட்டுவலி உள்ளவர்களை இங்கே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் சுற்றலாம். காலையில் போனால் கூட்டமே இருக்காது.

முன்பக்கத்துக் கண்ணாடிக் கூரை அரங்கம் அக்வாடோம். இரவில் டைவிங் காட்சி நடக்கும்; கப்பல் நிறுவனத்தின் செயலியில் முன்கூட்டியே இடம் பிடியுங்கள். ஐஸ் ஸ்கேட்டிங் காட்சிக்கும் அப்படித்தான். அங்கே குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.